லிடியாவின் வண்டி சூடாகக் கூடாது

அத்தியாயம் 12

போன வாரம் லிடியாவை எங்கே விட்டோம்? கம்ப்யூட்டர் முன்னால், முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு ரவுண்டுடி" என்று பெற்ற மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது விட்டோம். "நாற்பத்து நாலு வயசுப் பொம்பளைக்குக் கார் ரேஸ் கேட்குதா?" என்று எனக்குக் கடிதம் போட்ட விருத்தாசலம் வாசகிக்கு ஒரே பதில்தான். ஆமாம்மா, கேட்குது. வயிற்றெரிச்சலாக இருந்தால் நீங்களும் ஓட்டிப் பாருங்கள்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ். அப்பா சைமன்ராஜ், அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை. மகள் மெர்லின், சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறாள். அவள் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. கேம் விளையாடுவதற்கென்றே உள்ளே ஒரு பெரிய கார்டு போட்டிருக்கிறாள். அவள் இல்லாத மத்தியானங்களில் அதற்குத் தூசி தட்டப் போன அம்மா லிடியா, ஒருநாள் தெரியாமல் ஒரு கார் ரேஸையும் தட்டிவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். கல்யாணத்துக்கு முன்னால் பண்ருட்டியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த விரல்கள் அவை. இருபத்து மூன்று வருடம் கழித்து அவற்றுக்கு ஒரு வேலை கிடைத்தது.

லீவுக்கு வந்த மெர்லின் அம்மாவைக் கையும் களவுமாகப் பிடித்தாள். பிடித்தவள் திட்டவில்லை. பொழுதுபோக்கு மன்றத்தின் கோடை விழாவில் கம்ப்யூட்டர் கார் ரேஸ் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்க, ஓடிப்போய் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். லிடியா மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நாலாம் நாள் பிராக்டிஸ் ஆரம்பித்தாள்.

ஒரே நிபந்தனை. அப்பாவுக்குத் தெரியக்கூடாது. "அவரு சிரிச்சிட்டார்னா அதுக்கப்புறம் எனக்கு அந்த நாற்காலியில உக்காரவே மனசு வராது" என்றாள் லிடியா. விட்ட இடத்துக்கு வந்துவிட்டோம்.

*

2004 மே மாதம். கத்திரி வெயில். போட்டி நாளான ஞாயிற்றுக்கிழமை.

காலைப் பூசை முடிந்து லிடியா வீட்டுக்குள் நுழையும்போது மணி எட்டரை. கோயிலில் அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? "ஆண்டவரே, சாயந்திரம் அது அணைஞ்சிடக் கூடாது." அவ்வளவுதான் ஜெபம்.

கம்ப்யூட்டர் ஒரு வாரமாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. கால்மணி நேரம் ஓடும். பிறகு உள்ளே விசிறி கத்த ஆரம்பிக்கும். அப்புறம் பட்டென்று திரை கறுத்துவிடும். சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது என்றாள் மெர்லின். பக்க மூடியைக் கழற்றி, வீட்டு ஃபேனும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதுமாக இரண்டு டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். இருபது நிமிடம் வந்தது. போட்டியோ முப்பது சுற்று, எப்படியும் அரைமணி நேரத்துக்குக் குறையாது. அவரவர் கம்ப்யூட்டரை அவரவரே கொண்டுவர வேண்டும். நடுவில் அணைந்தால் அவுட். நோட்டீஸில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

லிடியா செருப்பைக் கழற்றினாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தது. பிளக்கில் சணல் கட்டி ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. காலையில் அவள் அடுப்படியில் இருந்தபோது மாட்டிவிட்டுப் போன சைமன்ராஜின் கொட்டைக் கையெழுத்து: "வேலை நடக்கிறது. போடாதே. ஃபேன் என்னிடம். – சைமன்ராஜ், 5.05."

"மெர்லின்!"

தூக்கக் கலக்கத்தோடு வந்த மெர்லின் அட்டையைப் பார்த்ததும் முழுசாக விழித்துக்கொண்டாள். குனிந்து உள்ளே பார்த்தாள். கம்ப்யூட்டரின் மூளைக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டிய சின்ன விசிறியைக் காணோம்.

"அம்மா, அப்பா கழட்டி எடுத்துட்டுப் போயிட்டார்மா! சுத்தம் பண்றதுக்கு."

"இன்னைக்கா பண்ணணும்?"

"இன்னைக்குப் போட்டின்னு அவருக்கு யாரு சொன்னா?"

லிடியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பரவால்லம்மா. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுதானே, ரெண்டரைக்கு வந்துடுவார். போட்டி நாலு மணிக்கு. இல்லாட்டி மந்தாரக்குப்பம் போய் வேற ஃபேன் வாங்கி மாட்டிடலாம். இது வெறும் அட்டைதானே" என்று மெர்லின் சணலில் கை வைத்தாள்.

லிடியா அந்தக் கையில் ஒன்று போட்டாள்.

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காது. நெய்வேலியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். பிளாண்ட்டில் ஒரு மெஷினுக்குள் ஆள் இறங்கி வேலை செய்தால் அதன் சுவிட்சில் சிவப்பு டேக் தொங்கும். அதை மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். மேலதிகாரியே வந்தாலும் தொட முடியாது. எட்டு வருடத்துக்கு முன்னால் சைமன்ராஜின் கூட்டாளி ராமசாமி ஒரு ராட்சத விசிறிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது, சுவிட்சைப் போட வந்தவன் டேக்கைப் பார்த்துத்தான் கையை எடுத்தான். ராமசாமி இன்றைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இவர்கள் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிடுகிறார். அந்தக் கதை தெரிந்த வீட்டில் டேக்கை எவர் தொடுவார்?

"உங்கப்பா வந்து கழட்டட்டும்" என்றாள் லிடியா. "வந்ததும் ஏதாவது சொல்லி வாங்கிக்கலாம்."

"என்னன்னு சொல்லுவ?"

"உனக்குப் போட்டின்னு."

"பூசைக்குப் போயிட்டு வந்த வாயாலயா?"

*

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆதிலட்சுமி பத்து மணிக்கே தன் வீட்டு டேபிள் ஃபேனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வடக்குத்துக்காரி. புருஷன் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். லிடியாவின் ரகசியம் தெரிந்த மூன்றாவது ஆள். அவளுக்கு ரகசியத்தைக் காப்பாற்றுவது கஷ்டமாக இருந்தாலும், ஒன்றரை மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றி வந்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சி தொங்கிகினு கீது?"

லிடியா அட்டையைக் காட்டினாள். ஆதிலட்சுமி கிட்டப் போகாமலே கையைக் கட்டிக்கொண்டு அதைப் படித்தாள்.

"அண்ணன் மாட்டுனதா? அப்ப கைய வெக்காத. ரெண்டரைக்கு வந்துடுவாரு, வுடு."

மணி ரெண்டரை ஆயிற்று. சைமன்ராஜின் மொபெட் சத்தம் கேட்கவில்லை. ரெண்டே முக்காலுக்கு ஒரு சைக்கிள் வாசலில் நின்றது. சைமன்ராஜுடன் வேலை செய்யும் சிங்காரவேல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே குரல் கொடுத்தார்.

"அண்ணி! ரிலீவர் வரலிங்க. அண்ணன் செகண்ட் ஷிஃப்டும் கண்டின்யூ பண்றாரு. பத்து மணிக்குத்தான் வருவேன்னு சொல்லச் சொன்னாரு."

சொல்லிவிட்டுப் பெடலை மிதித்துப் போய்விட்டார். தான் போட்டது குண்டு என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது.

மெர்லின் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆதிலட்சுமி "அடக் கடவுளே" என்றாள். லிடியா மட்டும் உள்ளே போனாள். ஒன்றரை மாதப் பிராக்டிஸ். முதல்முறை கேமில் வரும் கடற்கரை ரோட்டை ஒரு தடவைகூட மோதாமல் முடித்த அன்று, தனியாகக் கூடத்தில் நின்று கை தட்டிக்கொண்டாளே, அந்த சந்தோஷம். இன்றைக்கு விட்டால் இன்னொரு தடவை பெயர் கொடுக்கத் தனக்குத் தைரியம் வராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மகளின் சைக்கிளை வெளியே எடுத்தாள்.

"எங்கம்மா போற, இந்த வெயில்ல?"

"பிளாண்ட் கேட்டுக்கு. நீ ஆட்டோ சொல்லி வை."

"என்ன சொல்லப் போற?"

"தெரியலடி. போற வழியில யோசிச்சுக்கறேன்."

வழியில் யோசிக்க முடியவில்லை. தார் ரோடு இளகிக் கிடந்தது, சைக்கிள் ஹேண்டில் கையைச் சுட்டது. வேப்பமர நிழல் வந்த இடங்களில் எல்லாம் மெதுவாகவும் வெயில் வந்த இடங்களில் வேகமாகவும் மிதித்ததில் புத்தி முழுக்க ரோட்டிலேயே இருந்துவிட்டது.

*

கேட்டில் செக்யூரிட்டி வெள்ளைச்சாமி, ராமநாதபுரத்துக்காரர். லிடியாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். கேட்டுக்கு ஒரு வீட்டுப் பெண் ஓடி வந்தால் அது நல்ல சேதியாக இருந்து அவர் பார்த்ததில்லை.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலிங்க. பாய்லர்ல சைமன்ராஜ். நான் அவரு வீட்டம்மா. அஞ்சு நிமிஷம் பார்க்கணும்."

வெள்ளைச்சாமி போன் போட்டார். பத்து நிமிடம் கழித்து சைமன்ராஜ் ஓட்டமும் நடையுமாக வந்தார். நீல யூனிஃபார்ம் முதுகோடு ஒட்டிக் கிடந்தது, ஹெல்மெட் கையில் இருந்தது, முகத்தில் ரத்தமே இல்லை.

"மெர்லினுக்கு என்ன?"

"ஐயோ, ஒண்ணுமில்லங்க. நல்லாத்தான் இருக்கா."

"அப்புறம்? காடாம்புலியூர்லேருந்து போன் கீன் வந்துச்சா? அக்காவுக்கு ஏதாவது?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர் ஃபேன் வேணும்."

சைமன்ராஜ் அப்படியே நின்றார். மூச்சு வாங்கியது. சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே புரியாத ஒரு முகம்.

"கம்ப்யூட்டர் ஃபேனுக்கா இந்த வெயில்ல சைக்கிள்ல வந்த?"

மகளுக்குப் போட்டி என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இந்த மனுஷன் ஓடி வந்த ஓட்டத்தைப் பார்த்தபிறகு அந்தப் பொய்யைச் சொல்ல லிடியாவுக்கு நாக்கு வரவில்லை.

"நாலு மணிக்கு மன்றத்துல கார் ரேஸ் போட்டி. கம்ப்யூட்டர் கேம்" என்றாள். வேகமாகச் சொன்னாள். "மெர்லினுக்கு இல்ல. எனக்கு. நான்தான் ஓட்டறேன். உங்ககிட்ட சொல்லல. சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க, ஆனா ஃபேனைக் குடுத்துட்டுச் சிரிங்க."

வெள்ளைச்சாமி நாகரிகமானவர். ரிஜிஸ்டரைத் திறந்து மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

சைமன்ராஜ் சிரிக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ ஓட்டறது. பிப்ரவரி மாசத்துலேருந்தே தெரியும்."

"மெர்லின் சொன்னாளா?"

"கேபினட் சொல்லுச்சு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிச்சு ரெண்டரைக்கு வீட்டுக்கு வர்றேன். சாப்பாட்டுக் கேரியரை மேசையில வெக்கும்போது கை கேபினட்ல படுது. கொதிக்குது. பொண்ணு சிதம்பரத்துல இருக்கா. அப்ப யாரு ஓட்டுனது, பல்லியா? பேரிங் சூட்டைக் கையை வெச்சே சொல்றவன் நான், லிடியா. இது குறைஞ்சது ஒரு மணி நேரம் ஓடியிருக்குன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றார் சைமன்ராஜ். கொஞ்சம் வருத்தம் இருந்தது குரலில். "ஒரு வாரமா அது டிரிப் ஆகி அணையுது, நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சிகிட்டு சமைக்கறே. சரி, சுத்தம் பண்ணி வெப்போம்னு காலையில தொறந்தேன். ஃபேன் முழுக்க பிளாண்ட்டுச் சாம்பல் அப்பிக் கிடக்கு. அதான் கொண்டாந்து பிரஷ் போட்டேன். போட்டி இன்னைக்குன்னு சொல்லியிருந்தா நேத்தே பண்ணியிருக்க மாட்டேனா?"

லிடியாவுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. கேட் வாசலில், வெள்ளைச்சாமி முன்னிலையில், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இருபத்து மூன்று வருடம் குடும்பம் நடத்திய பிறகும் புருஷனைப் பற்றித் தெரியாத ஒன்று மிச்சம் இருப்பது எவ்வளவு நல்ல விஷயம் என்று அவளுக்குத் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சைமன்ராஜ் பாக்கெட்டிலிருந்து பஞ்சுத்துணியில் சுற்றிய விசிறியை எடுத்துக் கொடுத்தார். புதுசு மாதிரி பளபளத்தது.

"டேக்கு?" என்றாள் லிடியா.

"அதான் பார்க்கறேன். நான் வந்து கழட்ட முடியாது. பாய்லரை விட்டுட்டு வர முடியாது."

ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு பாக்கெட் நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்தார். ஷிஃப்ட் மாறும்போது வேலை முடியாமல் இருந்தால் டேக்கின் பொறுப்பை அடுத்த ஷிஃப்ட் ஆளுக்கு எழுதிக் கொடுப்பது வழக்கம். கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போட வேண்டும். சைமன்ராஜ் ஹெல்மெட்டின் மேல் தாளை வைத்து எழுதினார். "மாலை 3.12. கம்ப்யூட்டர் டேக்கின் பொறுப்பு லிடியாவிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஃபேன் மாட்டிய பிறகே ஓட்டவும்."

"இங்க போடு, கையெழுத்து."

லிடியா போட்டாள். பேனா வேர்வையில் வழுக்கியது. வெள்ளைச்சாமி கேட்காமலே வந்து எட்டிப் பார்த்து, "நேரம் சரியாத்தேன் போட்டிருக்கு" என்று சாட்சி சொன்னார்.

"இப்ப கேட்டுக்க" என்றார் சைமன்ராஜ். "ரெண்டு ஃபேனையும் உள்ள பார்த்து வெச்சிருக்கீங்க. ரெண்டும் காத்தை உள்ளயே தள்ளினா சூடு எந்த வழியா போகும்? எங்க பாய்லர்ல ஒரு ஃபேன் தள்ளும், இன்னொண்ணு இழுக்கும். ஒண்ணை கேபினட்டைப் பார்த்து வை. இன்னொண்ணைப் பின்னால, முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்க்க வை. ஜன்னலோரமா இடம் கேளு. அப்புறம், லோடைக் குறை. மெர்லின்கிட்ட சொல்லு, அவளுக்குப் புரியும்."

"சரிங்க."

சைக்கிளில் ஏறிவிட்டாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"லிடியா! வளைவுல பிரேக்கு போடுவியா நீ?"

"போடுவேன்!"

"போடு!"

*

மூன்றரைக்கு லிடியா தன் கையாலேயே டேக்கைக் கழற்றினாள். மெர்லின் திருகு முடுக்கி விசிறியை மாட்டினாள். லோடைக் குறை என்றால் என்ன என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"கேம்ல இருக்கற மரம், நிழல், கடல் தண்ணி எல்லாத்தையும் எடுத்துடணும்மா. அதையெல்லாம் வரைஞ்சு வரைஞ்சுதான் கார்டு கொதிக்குது. ரோடும் காரும் மட்டும் இருந்தாப் போதும்."

"கடலையுமா?" என்றாள் லிடியா. அந்தக் கடலுக்காகவே அவள் அந்த ரோட்டை ஆயிரம் தடவை ஓட்டியிருக்கிறாள்.

"கடலையும்."

"சரி, எடு."

மன்றத்துக் கூடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே நுழைந்ததும் முகத்தில் அனல் அடித்தது. நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். வரிசையாக ஐந்து கம்ப்யூட்டர்கள். நாலில் காலேஜ் பையன்கள். ஐந்தாவதில், கைத்தறிச் சேலையும் கண்ணாடியுமாக லிடியா உட்கார்ந்ததைப் பார்த்து, "ஆண்டி, அது பிளேயர் சேர்" என்று ஒருவன் மரியாதையாக எடுத்துச் சொன்னான்.

"தெரியும்பா. நான்தான் பிளேயர்."

கூடம் கொல்லென்று சிரித்தது. லிடியாவுக்குக் காது சிவந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஜன்னலோர இடம் கிடைத்தது. வெயில் படுகிறது என்று வேறு எவரும் அதை வாங்கவில்லை. மெர்லின் ஒரு ஃபேனைத் திறந்த கேபினட்டைப் பார்த்து வைத்தாள். ஆதிலட்சுமியின் ஃபேனைப் பின்னால், ஜன்னலைப் பார்க்க வைத்தாள். இரண்டாவது சிரிப்பு கிளம்பியது.

"யாருக்கு காத்து, வெளிய இருக்கற வேப்பமரத்துக்கா?"

"ஆமாம்பா, அதுக்குந்தான் வேக்குது" என்றாள் ஆதிலட்சுமி.

பக்கத்து இடம் பிரவின்குமாருக்கு. போன வருட சாம்பியன். அவன் கேபினட்டில் நீல விளக்கு எரிந்தது, முன்னும் பின்னுமாக நாலு சின்ன விசிறிகள் சுற்றின. அதற்கடுத்த பையன் ஐஸ்கட்டியை பாலிதீன் பையில் கட்டி, டவலில் சுற்றி, கேபினட் தலையில் வைத்திருந்தான்.

விசில் ஊதினார்கள்.

ஆறாவது சுற்றில் ஐஸ் பையன் அவுட். ஐஸ் உருகி, சொட்டு சொட்டாகப் பின்பக்கம் இறங்கி, டப் என்று ஒரு சத்தம். அவன் டவலைப் பிழிந்துகொண்டே எழுந்து போனான். பதினொன்றாவது சுற்றில் இன்னொரு திரை கறுத்தது. பதினாறில் இன்னொன்று. சிரித்தவர்கள் இப்போது நாற்காலியை லிடியாவின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

மிச்சம் இரண்டு பேர். பிரவின்குமார் முன்னால். அரைச் சுற்று பின்னால் லிடியா.

அவள் திரையில் மரம் இல்லை, நிழல் இல்லை, கடல் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம். ரோடு மட்டும் ஓடியது. அவள் கண்ணும் அதில் மட்டுமே இருந்தது. மெர்லின் உள்ளே, விசிறிக்குக் கீழே சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியக் கட்டியின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்து, "சூடுதான், தாங்கும், தாங்கும்" என்று ஓதிக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டாவது சுற்றில் ஆதிலட்சுமியின் ஃபேன் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிட்டது.

"அய்யய்யோ!" ஆதிலட்சுமி அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினாள். அசையவில்லை.

"என்னடி?" என்றாள் லிடியா, திரும்பாமல்.

"நீ ரோட்டைப் பாரும்மா!" என்று மெர்லின் கத்தினாள். "சூடு ஏறுது... ஏறுது..."

ஆதிலட்சுமி சுற்றுமுற்றும் பார்த்தாள். மானிட்டர் கொண்டுவந்த அட்டைப்பெட்டி கிடந்தது. அதன் மூடியை ஒரே கிழி. ஜன்னலுக்கும் கேபினட்டுக்கும் நடுவில் நின்று, சூட்டை வாரி வாரி வெளியே தள்ள ஆரம்பித்தாள். வளையல் குலுங்கியது. "வூட்டுல அடுப்பு ஊதுன கைடா இது!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். கூட்டம் கை தட்டியது. அந்தத் தாளத்துக்கு அவள் வீசினாள்.

"இறங்குது! தாங்கும்!"

இருபத்தாறாவது சுற்றில் பிரவின்குமாரின் திரையில் ஒரு கோளாறு. படம் லேசாகத் தடுக்கியது. அவன் ரோட்டில் மரமும் நிழலும் மினுமினுக்கும் கடலும் அப்படியே இருந்தன. நீல விளக்கு எரிந்த கேபினட் ஆஸ்பெஸ்டாஸ் அனலை இழுத்து இழுத்துத் தானே குடித்துக்கொண்டிருந்தது. கார் ஓடும், நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். "டேய் டேய் டேய்" என்று அவன் கெஞ்சினான்.

கடைசிச் சுற்று. அந்தத் தடுக்கலில் அரைச் சுற்று இடைவெளி கரைந்து லிடியா அவன் பின்னாலேயே வந்துவிட்டாள். கடைசி வளைவு. பிரவின்குமார் பிரேக் அழுத்தியது அவன் கம்ப்யூட்டருக்கு அரை நொடி தாமதமாகத்தான் எட்டியது. அவன் கார் தடுப்பில் உரசிக்கொண்டு சுழன்றது. லிடியா பிரேக் போட்டாள், திரும்பினாள், விட்டாள். அவ்வளவுதான்.

கூடம் எழுந்து நின்றது. மெர்லின் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஆதிலட்சுமி அட்டையைக் கூரைக்கு வீசினாள். லிடியா மட்டும் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுக்காமல், "முடிஞ்சிடுச்சா? நிஜமாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிரவின்குமார் நல்ல பையன். எழுந்து வந்து அவள் திரையை எட்டிப் பார்த்தான்.

"ஆண்டி, உங்க ரோட்டுல மரமே இல்லையே!"

"அதான்பா வேகமா வந்தேன். நின்னு இளைப்பாற நிழல் வேணாமா?"

மன்றச் செயலாளர் மைக்கோடு வந்தார். "முதல் பரிசு, திருமதி லிடியா! அம்மா, ரெண்டு வார்த்தை. நீங்க என்ன பண்றீங்க?"

இந்தக் கேள்விக்கு லிடியாவிடம் ஒரு பதில் உண்டு. பேங்கில், ஆஸ்பத்திரியில், மகளின் காலேஜில், எவர் கேட்டாலும் சொல்வாள்: "சும்மா வீட்லதாங்க இருக்கேன்." காலை நாலரைக்கு எழுந்து மூன்று ஷிஃப்டுக்கும் சோறு கட்டிக்கொடுக்கிறவள் சொல்கிற பதில் அது. இன்றைக்கு மைக்கைப் பிடித்தாள். கூட்டத்தைப் பார்த்தாள்.

"வண்டி ஓட்டறேங்க" என்றாள்.

விசில் சத்தம் அடங்க ரொம்ப நேரமாயிற்று. அது அடங்கியதும் செயலாளர் தொடர்ந்தார்.

"அடுத்து மாவட்டப் போட்டி. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி, கடலூர். இங்கேருந்து ஒருத்தர் பேர்தான் அனுப்பலாம், இப்பவே எழுதணும். எழுதிக்கவா?"

மெர்லின் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். காதோடு சொன்னாள். "அம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத்தான் லூர்துமேரி அத்தை பேரனுக்கு ஞானஸ்நானம். காடாம்புலியூர்ல. நீதான்மா ஞானத்தாய்!"

லூர்துமேரி, சைமன்ராஜின் அக்கா. நாலு மாதமாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டியவள் வரவில்லை என்றால், அந்த வீட்டு வாசலை இந்த ஜென்மத்தில் மிதிக்க முடியாது.

செயலாளர் பேனாவைத் திறந்து காத்திருந்தார். பிரவின்குமாரும் காத்திருந்தான், அவள் வேண்டாம் என்றால் அடுத்த பெயர் அவனுடையது.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தாள் லிடியா. பாதியில் நிறுத்தினாள். கேட் வாசலில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது: "நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்."

"எழுதிக்குங்க சார்" என்றாள். "லிடியா. வயசு நாப்பத்தி நாலு."